இரண்டு சங்கமும் ஒரு கறுப்பையாவும்

"கறுப்பையா அண்ணன் போயிட்டாருங்க" என்று கந்தப்பளை பஸ் டிரைவர் என் தையல் கடை வாசலில் நின்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, எரிச்சல். இன்னும் திட்ட வேண்டியவர்கள் எத்தனையோ பேர் பாக்கி இருக்க, அந்த மனிதருக்கு என்ன அவசரம்?

அவர் வாயில் விழாதவர் எங்கள் ராகலையில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இலங்கைத் தோட்டத் தமிழரான நமது ஓட்டுரிமை பறிபோனதிலிருந்து, அரசாங்கம் என்று யாராவது சொன்னாலே வெற்றிலையைத் துப்புவார். அவர் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கம் இரண்டாக உடைந்த பிறகு இரு தரப்புக்கும் சேர்த்துத் துப்பினார். "தொரையத் திட்டினா சங்கத்துக்காரன் கை தட்டுறான். சங்கத்தத் திட்டினா தொரை சிரிக்கிறாரு. நான் யாரத்தாங்க திட்டுறது?" என்று கடையில் உட்கார்ந்து கேட்பார். என்னைத் தைக்க விடமாட்டார்.

ஒரு சங்கத்தார் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றச் சங்கத்தார் போவதில்லை என்றாகிவிட்டது. இவர் மட்டும் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து, இரண்டு வீட்டுச் சாம்பாரையும் குறை சொல்லிவிட்டு வருவார்.

ஒருநாள், ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் பிந்தி வந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை, வேலை இல்லையென்று மேற்பார்வை செய்யும் கண்டாக்கையா விரட்டினார். கூட்டத்திலிருந்து எதிர்த்துக் கத்தியவர் கறுப்பையா ஒருவரே. அவருக்கு வேலை போனது. குடியிருந்த லயத்து அறையையும் காலி செய்யச் சொன்னார்கள். அவருக்காகப் போராடும் உரிமை யாருக்கு என்று இரண்டு சங்கமும் அடித்துக்கொண்டன. திங்கட்கிழமை ஒன்று வேலைநிறுத்தம் செய்தது, மற்றது கொழுந்தெடுத்தது. செவ்வாய்க்கிழமை மாற்றிச் செய்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரைக்கு எந்த நாளும் வேலை நிற்கவில்லை. இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடிக்கிறேன். "எனக்காக ரெண்டு பேரும் சண்ட போட்டாங்க. ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டாங்க, நான்தான் தோத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கந்தப்பளைக்கு மரக்கறித் தோட்டக் கூலியாகப் போனார். அங்கே ஒரு தகரக் கொட்டிலில்தான் உயிர் போயிருக்கிறது.

அடக்கத்தன்று பழைய தோட்டம் முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு வந்திருந்தது. இரண்டு சங்கமும், தத்தம் கொடியோடு. பெட்டிமேல் எந்தக் கொடியைப் போர்த்துவது என்று தலைவர்கள் தொடங்கியதும் அவர் மனைவி மாரியாயி எழுந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலைய நிறுத்தத் தெரியுதே! அன்னைக்கு ஏன்யா தெரியல?"

தலைவர்கள் கொடிகளைச் சுருட்டிக்கொண்டார்கள்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய கோபம். என் கடைக்கு இரு தரப்பாரும் சட்டை தைக்க வருகிறார்கள். அளவெடுக்கும்போது மாரியாயி கேட்டதை நானும் கேட்கிறேன். இப்போது இரு தரப்பும் என்னைத் திட்டுகிறது. அதிலாவது ஒற்றுமையாக இருக்கிறார்கள்.