வாய் நேரான பிறகு

வாய் கோணியிருந்தவரை எனக்கு வீட்டில் மரியாதை இருந்தது. அக்கா கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். அவள் கணவரான மாமா தறியிலிருந்து எழுந்து வந்து என் இடது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். சில மாதங்களில் வாய் நேரானது. கையும் காலும் திரும்பின. மரியாதை போய்விட்டது.

நான் ஓரிடத்தில் தங்குகிறவன் இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லாரியில் கிளீனர், கல்யாணச் சமையலில் எடுபிடி, பட்டுப்புடவை மூட்டையோடு பெங்களூர் என்று சுற்றியே ஐம்பதைத் தாண்டினேன். வாலாஜாபாத் பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போது டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனேன், நானும் விழுந்தேன். பக்கவாதம். பிள்ளையார்பாளையத்தில் அக்கா வீட்டைத் தவிர எனக்குப் போக்கிடம் இல்லை.

கை கால் வந்த பிறகும் தெம்பு வரவில்லை. பல் துலக்கினால் படுக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் படுக்க வேண்டும். அக்கா வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசாத வேளையே கிடையாது. அது தூக்கமும் இல்லை. உள்ளே யாரோ மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். எழுந்த பிறகும் களைப்பு அப்படியே இருக்கும்.

அரசு மருத்துவமனை டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மூளையில ஒரு பக்கம் அடிபட்டிருக்கு. அந்த வேலையெல்லாம் இப்ப வேற வழியா சுத்திப் போய்ச் செய்யுது. அதான் களைச்சிடுது. வருஷக்கணக்குலகூட இருக்கலாம்" என்றார். என் மூளையும் என்னைப்போல் ஊர்சுற்றத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது, "மூளைதானே சுத்துது? நீ ஏன்பா படுத்துக்கினு கீற?" என்றார்.

எனக்காக வாலாஜாபாத் அரிசி மில்லில் காவல் வேலை பேசி வைத்திருந்தார். முன்பென்றால் அவர் பேசி முடிக்குமுன் கிளம்பியிருப்பேன். இப்போது வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீட்டை விட்டுப் போகப் பயந்தேன். அந்த மில் இரைச்சலை என்னால் அரைநாள் தாங்க முடியாது. துரத்திவிட்டால் எந்த முகத்தோடு திரும்பி வருவது?

"வெள்ளிக்கிழம பாவு நீட்டுறோம். அன்னிக்கு நீ எப்படி கீறேன்னு பாக்கலாம்" என்றாள் அக்கா. விழித்திருந்தால் உடம்பு தேறிவிட்டது, மில்லுக்குப் போகலாம். படுத்துவிட்டால் சோம்பேறி, மில்லுக்குப் போயே ஆக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் மில்தான் தெரிந்தது.

பாவு என்பது புடவையின் நீளவாட்டு இழைகள். விடிந்ததும் அதைத் தெரு நெடுக நீட்டி, இரு முனையிலும் கட்டைகளில் கட்டி, கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டே காயவைப்பார்கள். ஈரம் காயும்வரை நடுவில் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும்.

வண்டியும் ஆடும் பாவில் விழாமல் ஒரு முனையில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. அக்கா அந்தக் கட்டையடியில் மஞ்சள் பிள்ளையார் வைத்து, தேங்காய் உடைத்து, ஊதுவத்தி கொளுத்திவிட்டு எதிர்முனைக்குப் போனாள்.

ஒரு பைக்கை விரட்டினேன். ஓர் ஆட்டை விரட்டினேன். கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தது. எதிர்வீட்டு டிவியும் சேர்ந்துகொண்டது. சுவிட்ச் இறங்கியது. கட்டையோரம் மல்லாந்து படுத்து, வெயிலுக்குத் துண்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன். தலைமாட்டில் தேங்காய் மூடியும் ஊதுவத்தியும் இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஐயம்பேட்டைச் சித்தி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். எங்கள் அம்மாவின் தங்கை. என்னைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவர்.

"ஐயோ, எங்கப்பா!"

பழப்பை விழுந்த சத்தம் கேட்டது. எனக்கு எல்லாமே கேட்டது. சித்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தார்.

"ஊரூரா சுத்துன ராசா, தெருவுல கெடக்குறியே! ஒரு பொண்ணக் கட்டுனியா, ஒரு வூட்டக் கட்டுனியா! பெங்களூரு போறேன்னு என் கொடைய வாங்கினு போனியே, அந்தக் கொடையாச்சும் திரும்பி வந்துச்சா!"

குடை அக்காவின் பீரோவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லிவிடத் துடித்தேன். ஆனால் இமையைத் தூக்க உள்ளே ஆள் இல்லை.

தூரத்திலிருந்து அக்கா கத்தினாள். "சித்தி! அவன் சாவல சித்தி! தூங்குறான், சோம்பேறி!" சித்திக்குக் காது மந்தம். ஈரப் பாவை விட்டு அக்காவாலும் மாமாவாலும் வர முடியாது. அவர்கள் தேய்த்துக்கொண்டே கத்த, சித்தி அழுதுகொண்டே என் சமையல் வேலையைப் புகழ ஆரம்பித்தார். எதிர்வீட்டம்மா வெளியே வந்து, "எப்பமா ஆச்சு? நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, துக்கத்துக்கு மரியாதையாக டிவியை அணைக்கச் சொன்னார்.

அக்காவின் கத்தல் திடீரென்று நின்றது. அடுத்து மாமாவின் குரல்: "பாவு! ஏய், பாவு காஞ்சிடும்! எங்க ஓடுற?"

முகத்திலிருந்து துண்டு விலகியது. கஞ்சி வாடை அடித்தது.

"டேய், கேக்குதா?"

டிவி நின்றதில் கொஞ்சம் தெம்பு ஊறியிருந்தது. "கேக்குது."

"சித்தி அழுததெல்லாம்?"

"கேட்டுச்சு."

"அப்ப ஏன்டா எந்திரிக்கல?"

"முடியலக்கா."

நடிக்கிறவனாக இருந்தால் குடைப் பேச்சு வந்தபோதே எழுந்திருப்பான் என்று பிறகு அக்கா மாமாவிடம் சொன்னாளாம்.

"சித்தி, கொட பீரோ பின்னால கீது" என்றேன். சித்தி அலறி இரண்டடி பின்னால் போனார். விஷயம் புரிந்ததும் என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். போகும்போது குடையை எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் மாமா ஒட்டிய இழைகளைப் பிரித்துக்கொண்டே, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கி மில்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க, அவன் வர மாட்டான். ஒடம்பு சரியில்ல. காலைலதான் செத்துட்டான்னு அழுதாங்க... இல்லீங்க, இப்ப பழம் தின்னுக்கினு கீறான்."

எதிர்வீட்டு டிவி மறுபடி பாடத் தொடங்கியது. நான் பழத்தை வைத்துவிட்டுப் படுத்தேன். அக்கா வாசலுக்குப் போனாள்.

"டிவியக் கொஞ்சம் கொறைங்கமா. தம்பி படுத்துக்கினு கீறான்."