ஜன்னல் கம்பியில் தொங்கிய டாங்கிள்

நேற்றுக் காலை கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனைப் பவர் பேங்கில் சொருகியபடியே படம் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரகடம் வருவதற்குள் போன் சூடாகி ஒரு வாடை கிளம்பியது. பிளாஸ்டிக் கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் வருமே, அந்த வாடை. அவள் முகம் சுளித்தாள். எனக்கோ பழைய சிநேகிதியைப் பார்த்ததுபோல இருந்தது. எங்கள் டாங்கிள் இப்படித்தான் மணக்கும்.

டாங்கிளை மறந்திருப்பீர்கள். கட்டைவிரல் அளவு இருக்கும். உள்ளே ஒரு சிம்மைப் போட்டு, சார்ஜரில் சொருகினால் அறை முழுக்க வைஃபை. அப்போது நானும் முத்துலட்சுமியும் ஒரகடத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். மேலே தகர ஷீட். உள்ளே உட்கார்ந்தால் போனில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. ஜன்னலோடு ஒட்டி நின்றால் இரண்டு கோடு. ஊருக்குப் பேச வேண்டுமென்றால் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு பேசுவோம். என் கன்னத்தில் எப்போதும் துரு.

முத்துலட்சுமி கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ படித்துவிட்டு என்னோடு காண்ட்ராக்டில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவள். அவளுக்கு வேறொரு கம்பெனியிலிருந்து நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ வந்தது. வீடியோவில் நடத்துவார்களாம். ஒரே ஒரு தடவைதான். "கம்பியப் பிடிச்சிக்கிட்டே இன்டர்வியூ குடுத்தா செயில்ல இருக்கேன்னு நெனைப்பாவக்கா" என்றாள். அதனால்தான் டாங்கிள்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினார். ஒரே கம்பெனி சிம்தான் அதில் வேலை செய்யுமாம். இன்னொன்று எந்த சிம்மையும் ஏற்கும். பார்க்கச் சுமார்.

நான் பத்தாவதோடு நின்றவள். பெட்டிமேல் எழுதியிருந்ததில் பாதி புரியவில்லை. ஆனால் எனக்குக் கம்பெனியின் அசெம்ப்ளி லைனில் வேலை இன்ஸ்பெக்‌ஷன். பொருத்திப் பார்க்காத எதையும் பாஸ் போட்டதில்லை. "ரூம்ல வெச்சுப் பாத்துட்டுதான் வாங்குவோம்" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"இன்னாக்கா, பொடவையா இது, கட்டிப் பாத்து வாங்க? வெளிய குடுக்க மாட்டோம்."

எனக்கு வாதாடத் தெரியாது. நிற்கத் தெரியும். எட்டு மணி நேரம் நின்றே சம்பளம் வாங்குகிறவளிடம் அவர் என்ன செய்ய முடியும்? நின்றேன். பின்னால் இரண்டு பேர் வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள். நான் நின்றேன். கடைசியில், "யம்மா, ரெண்டையும் எடுத்துக்கினு போ. கைல கீற வாட்ச்ச கழட்டி வெச்சிட்டுப் போ" என்றார்.

அறையில் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். பளபளப்பானது சிவப்பு விளக்கிலேயே நின்றுவிட்டது. சுமாரானதில் என் சிம் தோற்றது, அவள் சிம்முக்கு நீல விளக்கு எரிந்தது. அதையே வாங்கினோம். நீள ஒயர் போட்டுத் துணி கிளிப்பால் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டோம். கீழே இருந்து வீட்டுக்காரம்மா கத்தினார்கள்: "இன்னாடி அது, கேமராவா? என் வூட்டயே படம் புடிக்கிறீங்களா?" நெட் என்று சொன்னதும் குரல் இறங்கியது. "அப்ப எனக்கும் ஒரு லைன் குடு."

இன்டர்வியூ அன்று எனக்கு மதிய ஷிஃப்ட். முத்துலட்சுமி மேலே இஸ்திரி போட்ட டாப்ஸ், கீழே பழைய பாவாடையோடு சுவரோரம் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் போனது. பஸ்ஸுக்கு நேரமாகவே நான் சத்தமில்லாமல் எழுந்தேன். எங்கள் லைனில் ஒரு சட்டம் உண்டு: இடத்தை விட்டுப் போகிறவர் எல்லா ப்ளக்கையும் பிடுங்கி, ஒயரைச் சுற்றி, அதனதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வருடக் கணக்கில் செய்து அது கையில் ஊறிப்போயிருந்தது. பிடுங்கினேன், சுற்றினேன், டப்பாவில் வைத்தேன், படி இறங்கினேன்.

"யக்கா! என்ன காரியம் பண்ணிட்டிய!"

அப்போதுதான் கை செய்தது புத்திக்கு எட்டியது. ஓடி வந்து டாங்கிளை எடுத்துச் சொருகினேன். சிவப்பு. பச்சை. அந்த நீலம் வருவதற்குள் நான் வேண்டாத சாமி இல்லை. கர்த்தரையும் விடவில்லை. ஒருவழியாகப் படம் வந்தபோது, கண்ணாடி போட்ட ஒருவர், "லைன் கட் ஆயிடுச்சும்மா. அடுத்த ஆள் வெயிட்டிங். பாக்கலாம்" என்றார். முத்துலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது.

கடைக்காரரிடம் சொன்ன அந்த ஒரு வரியைத் தவிர, முன்பின் தெரியாத ஆண்களிடம் நானாகப் பேசியதே கிடையாது. போன் முன்னால் போய் நின்றேன்.

"சார், ப்ளக்கப் புடுங்குனது நானு. ஷிஃப்ட்டுக்குப் போம்போது புடுங்கணும்னு கம்பெனிதான் எங்களுக்குப் பழக்கி வெச்சிருக்குது. உங்க கம்பெனியிலயும் அதானே சார்? அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. மீதிக் கேள்விய கேட்டுருங்க."

கண்ணாடிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நகரவில்லை. கீழே பஸ் ஹாரன் அடித்தது, இன்னொரு தடவை அடித்தது, போய்விட்டது. திரையில் அவர் பக்கத்தில் இருந்தவர்தான் முதலில் சிரித்தார். "உக்காரச் சொல்லுங்கம்மா அந்தப் பொண்ண" என்றார். மூன்று கேள்வி கேட்டார்கள். மூன்றுக்கும் பதில் சொன்னாள். அடுத்த மாதம் அவளுக்கு ஆர்டர் வந்தது.

அன்று ஷேர் ஆட்டோ பிடித்துத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டி, மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார். 'இன்று தாமதமாக வந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"மன்னிப்பு எங்கம்மா?"

"அவ்ளோதான் சார்" என்றேன்.

அந்த வீடு இப்போது லாரி நிற்கும் மைதானம். வீட்டுக்காரம்மா இல்லை. டாங்கிளில் போட்ட சிம்முக்கு நெட்வொர்க்கே இல்லை. இன்று ஆளுக்கொரு போனில் நெட் இருக்கிறது. பக்கத்து சீட்டில் யாருக்கு எப்போது இன்டர்வியூ என்று யாருக்கும் தெரிவதில்லை. நான் அப்போது வேலை பார்த்த கம்பெனியையும் மூடி, பழைய காகிதத்தையெல்லாம் மூட்டை கட்டி எடைக்குப் போட்டார்களாம். என் கடிதமும் போயிருக்கும். போகட்டும். அதில் நான் மன்னிப்பு என்று எழுதவில்லை.