எந்த ரவி?

போர் நடந்த காலத்தில் நுவரெலியாவில் ஒரு சிறிய வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தேன். ஒரு ஸ்டூடியோ, ஒரு தொலைபேசி, ஐந்து பேர். எங்கள் நேயர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்கள்; கொழும்புக்கு வேலைக்குப் போன அவர்கள் பிள்ளைகளும் அங்கிருந்து கேட்பார்கள். கொழும்பிலிருந்து பெக்ஸ் இயந்திரத்தில் வரும் செய்தியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் வாசிக்க வேண்டும். போரைப் பற்றி நாங்களாக எதுவும் சொல்லக் கூடாது.

அன்று காலைச் செய்தியில், முந்தின நாள் மாலை கொழும்பில் குண்டு வெடித்ததாகவும் நிலைமை கட்டுப்பாட்டுக்குள் இருப்பதாகவும் இரண்டு வரி இருந்தது. வாசித்துவிட்டுப் பாட்டுப் போட்டேன். பாட்டு முடிவதற்குள் தொலைபேசி அடித்தது. கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்யும் ஓர் இளைஞன்.

"அக்கா, எங்க லயத்துல போன் இல்ல. தோட்டத்து ஆபீஸ்ல யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க. நான் நல்லா இருக்கேன்னு வீட்டுக்கு ஒரு வார்த்த சொல்லிருங்கக்கா."

அவன் வைத்ததும் அடுத்த அழைப்பு. பிறகு இன்னொன்று. நிலையப் பொறுப்பாளர் சபாபதி சாரிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன்.

"குண்டுன்னு சொல்லாதீங்க. கொழும்புன்னும் சொல்லாதீங்க. பேரு, அப்பா பேரு, தோட்டம். நலமா இருக்காரு. அவ்வளவுதான். மேலிடத்துல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

எங்கள் டெக்னீஷியன் நிமல் சிங்களவர். அழைப்புகளை எடுத்து, தமிழ்ப் பெயர்களை எனக்கும் வாசிக்கத் தெரிந்த சிங்கள எழுத்தில் சீட்டுகளில் எழுதித் தந்தார். பாட்டு ஓடும்போது நானும் எடுத்தேன். பதினொரு மணிக்குள் முப்பது பெயர்களுக்கு மேல் வாசித்துவிட்டோம். இவ்வளவு பயனுள்ள வேலையை அதுவரை செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பார்வதி என்ற பெண் வந்தார். கொழுந்து பறிக்கப் போன உடுப்போடு பஸ் ஏறியிருந்தார்.

"ரேடியோவுல பேசுனது நீங்கதானுங்களாம்மா? சுப்பையா மகன் ரவி நல்லா இருக்காருன்னு சொன்னீங்க. எங்க தோட்டத்துல ரெண்டு சுப்பையா. ரெண்டு வீட்டுலயும் ரவி. ரெண்டு பேரும் கொழும்புலதான். எந்த ரவிங்கம்மா?"

சீட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துதான். தோட்டத்தின் எந்தப் பிரிவு, மேல் டிவிசனா, கீழ் டிவிசனா என்று கேட்டிருக்கவில்லை. திரும்ப அழைக்க நம்பரும் இல்லை.

"சந்தோசப்படுறதா வேணாமான்னு தெரியாம வந்திருக்கேன்," என்றார் அவர்.

சபாபதி சாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மைக்லயே கேளுங்க," என்றார். "காலையில் பேசிய ரவி மீண்டும் நிலையத்தோடு தொடர்புகொள்ளவும்" என்று பாட்டுக்குப் பாட்டு அறிவித்தேன். பார்வதி வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நிமல் கொடுத்த பிளேன்டீ அவர் கையிலேயே ஆறிப்போனது.

நாலு மணிக்கு அந்த ரவி பேசினான்.

"உங்க அம்மா பேரு என்ன தம்பி?"

"லெச்சுமி."

பார்வதி மகனைப் பற்றிக் கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தினான். "ராத்திரி ரவுண்டப்புல புடிச்சிட்டுப் போயிட்டாங்கக்கா. அவன்கிட்ட அடையாள அட்டை இல்ல." எந்தப் பொலிஸ் நிலையம் என்றும் சொன்னான்.

அதை மைக்கில் சொல்ல முடியாது. வெளியே போய் பார்வதி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். காலையில் கேட்காமல் விட்டது என் தப்பு என்பதையும் சொன்னேன். அவர் அழவில்லை. பொலிஸ் நிலையத்தின் பெயரை இரண்டு முறை கேட்டு மனதில் வைத்துக்கொண்டார்.

"உசுரோட இருக்கான்ல. போதும். கீழ் டிவிசன் லெச்சுமிகிட்ட நான் போய் சொல்லிர்றேன். அதுவும் என்னய மாதிரி அழுவுறதா சிரிக்கிறதான்னு தெரியாமதான் உக்காந்திருக்கும்."

மறுநாளே பிறப்புச் சான்றிதழையும் தோட்டத்து நிர்வாகியான துரையின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனாராம். பன்னிரண்டு நாள் கழித்து மகனோடு திரும்பினார். உள்ளே வாங்கிய அடியில் அவன் ஒரு காது கேட்காமல் வந்தான் என்று பிறகு தெரிந்தது.

அன்று முதல் தாய் பெயரும் டிவிசனும் இல்லாத சீட்டை நான் வாசித்ததில்லை. "இதெல்லாம் எதுக்குக்கா?" என்று அவசரத்தில் எரிந்து விழுந்தவர்கள் உண்டு. பாட்டு முடிந்து ஒலிபரப்பு ஓசையில்லாமல் நின்றாலும் பரவாயில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் மைக்குக்குப் போனேன்.