குறை சொல்லி விற்கும் ஏலக்கா

மேசை விசிறியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அதன் அடிப்பாகத்தில் விரலை ஓட்டுகிறாள் ஏலக்கா. சன்னல் வெளிச்சத்தில் இப்படித் திருப்புகிறாள், அப்படித் திருப்புகிறாள். வலைக்கம்பியின் ஓரத்தில் துளி துரு கண்ணில் பட்டதும் முகம் மலர்ந்துவிடுகிறது. "இங்கதான் ஒளிஞ்சிருக்கியா நீ" என்று அதனிடமே சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுக்கிறாள். முதல் படம் அந்தத் துருவுக்கு. முழு விசிறிக்கு அப்புறம்தான் முறை வரும்.

இணையத்தில் ஏலம் விடுகிற அக்கா என்பதைச் சுருக்கி ஏலக்கா என்று பெயர் வைத்தது மேல்மாடிக்காரர். வைத்த கையோடு, கோபித்துக்கொள்வாளோ என்று இரண்டு நாள் மாடிப்படியில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். அவளோ, "வாசனையாத்தானே இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி, தன் விற்பனைப் பக்கத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டாள். அந்தக் குடியிருப்பிலும் சுற்றுவட்டத்திலும் யாருக்கு எந்தப் பொருள் வேண்டாததாகிப் போனாலும் அது அவள் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும். அவள் படம் எடுத்து, மடிக்கணினியில் விளம்பரம் வடிவமைத்து, ஏலத் தளத்தில் ஏற்றுவாள். கெடு முடியும்போது அதிக விலை கேட்டவருக்குப் பொருள். விற்றதில் சிறு பங்கு இவளுக்கு.

இதற்கு முன்னால் ஒரு பெரிய மின்சாதனக் கடையில் புகார் மேசையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து மாலை வரை அவள் காதில் விழுந்ததெல்லாம் ஒரே பாட்டுதான்: சொன்னது ஒன்று, வந்தது ஒன்று. கடையை மூடியபோது, அந்த மேசையிலிருந்து அவள் கற்றுக்கொண்டு வந்தது இந்த ஒரே ஒரு பிடிவாதம். பொருளின் குறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அதுவும் பெரிய எழுத்தில். "கல்யாணம் ஆன மறுநாள் தெரியறதை முந்தின நாளே சொல்லிட்டா சண்டையே கிடையாதுல்ல?" என்பாள். பக்கத்தில் இருக்கும் கணவர் அப்போதெல்லாம் சன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

அவளுடைய விளம்பரங்களைப் பொருள் வாங்காதவர்களும் தேடிப் படிக்கிறார்கள். இந்த மேசை விசிறிக்கு எழுதியது: "மூணுல வெச்சா பேசும். ரெண்டுல வெச்சா கம்முனு சுத்தும்." ஒரு பயணப் பெட்டிக்கு: "ஒரு சக்கரம் இடது பக்கம் இழுக்கும். உங்க வீடும் இடது பக்கம்னா சிரமம் இல்லை." பின்புறமெல்லாம் கீறல் விழுந்த மெத்தை நாற்காலிக்கு: "பூனை இருந்த வீடு. பூனை விலையில் சேராது."

வடிவமைப்பு மென்பொருளோடு மட்டும் அவளுக்கு ஓயாத மல்லுக்கட்டு. புதிதாக ஒரு பக்கம் திறந்தாலே அது தன் பாட்டுக்கு மூலையில் ஒரு மஞ்சள் நட்சத்திரத்தைக் கொண்டுவந்து வைத்து, உள்ளே 'அதிரடி' என்று எழுதிவிடும். "இப்ப யாரு யாரை அடிச்சா?" என்று கேட்டுக்கொண்டே அழிப்பாள். அவளுக்கு மிகவும் பிடித்த எழுத்துரு ஒன்று உண்டு. உருண்டையாக, சிரித்த முகமாக இருக்கும். ஆனால் அதில் 'கொ', 'தொ' என்று எதை அடித்தாலும் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோய், நடுவில் புள்ளிப் புள்ளியாய் ஒரு வட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்துருவை மாற்ற அவளுக்கு மனம் வராது; சொல்லைத்தான் மாற்றுவாள். தொட்டில் ஒன்று விற்பனைக்கு வந்தபோது, 'குழந்தை உறங்கும் ஊஞ்சல்' என்று போட்டு விற்றுவிட்டாள்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலையில்லாத நேரங்களில் இவளுக்குத் திரைச்சீலை பிடிப்பது அவர்தான். பொருளுக்குப் பின்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நிற்பார். பின்புலத்தை அழிக்கும் வசதி விரிப்போடு சேர்த்து அவரையும் சுத்தமாகத் துடைத்துவிடும், விரல்களைத் தவிர. ஊன்றிப் பார்த்தால், அலமாரியின் தோளிலோ குக்கரின் காதருகிலோ நான்கு விரல்கள் அந்தரத்தில் தொங்கும். வாடிக்கையாளர்கள் இப்போது படத்தில் அந்த விரல்களைத் தேடிக் கண்டுபிடிப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அவள் மெனக்கெட்டு அவற்றை அழித்துவிட்டாள். 'அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?' என்று விசாரித்து எழுதிவிட்டார்கள்.

இப்படி நல்ல பெயரும் பழுதில்லாத பாராட்டுமாக அவள் பக்கம் ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் பல் டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

டாக்டர் அதட்டலுக்குப் பெயர் போனவர். அவர் உள்ளே "வாயைத் திற" என்றால் தெருவில் போகிறவனும் திறப்பான். வயதாகிவிட்டது, கை முன்போல் நிற்கவில்லை என்று மருத்துவமனையை மூடிவிட்டார். வாடகைக் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும். மற்றதெல்லாம் போய்விட்டது, நோயாளிகளைச் சாய்த்துப் படுக்கவைக்கும் அந்தப் பெரிய நாற்காலி மட்டும் நடு அறையில் கிடந்தது. அவர் மனைவியோ, மருத்துவமனைச் சாமான் ஒன்றுகூட வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டாராம்.

ஏலக்கா ஒரு பொருளைத் தானே புழங்கிப் பார்க்காமல் விளம்பரம் எழுதமாட்டாள். அவளுடைய கடைவாய்ப்பல் ஒன்று அந்த நாற்காலியில்தான் அவளை விட்டுப் பிரிந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிப் படுத்தாள். டாக்டருக்குப் பொறுமை இல்லை.

"நல்ல நிலையில இருக்குன்னு ஒரு வரி போட்டாப் போதும்மா."

"அப்படித்தான் டாக்டர் எல்லாரும் போடறாங்க. அதான் ஒருத்தரும் நம்பறதில்ல. நீங்க இதுல ஒரு தடவையாவது படுத்துப் பார்த்திருக்கீங்களா?"

"நான் எதுக்கும்மா படுக்கணும்? எனக்கு என்ன, பல்வலியா?"

அவள் அண்ணாந்து பார்த்தபடி சிரித்தாள். கூரையில் ஒரு பழைய ஈரக்கறை, நீந்துகிற வாத்தின் வடிவத்தில், கழுத்து அலகு எல்லாம் சரியாக அமைந்து, இருந்தது. இந்தப் பகுதியில் பல்வலி வந்த அத்தனை பேருக்கும் அந்த வாத்தைத் தெரியும். ஆயுள் முழுக்கக் குனிந்தே வேலை பார்த்த டாக்டருக்குத் தெரியாது. அவள் படுத்த இடத்திலிருந்தே வாத்தைப் படம் எடுத்தாள். பிறகு தேய்ந்த கைப்பிடியைப் படம் எடுத்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் விளம்பரம் தளத்தில் ஏறிவிட்டது. "பல் டாக்டர் நாற்காலி. கைப்பிடி தேய்ஞ்சிருக்கும், பயந்தவங்க பிடிச்சது. சாய்ச்சா ஒரு பெருமூச்சு விடும். இதுல உட்கார்ந்த எல்லாரும் எழுந்து நடந்தே வீட்டுக்குத் திரும்பினாங்க." பக்கத்தில் வாத்துப் படம். அடியில், "படுத்தால் தெரிவது. வாத்து மட்டும் கட்டட முதலாளிக்கு."

யாரும் சீந்தமாட்டார்கள் என்றுதான் டாக்டர் நினைத்திருந்தார். ஆனால் ஏலம் சூடு பிடித்துவிட்டது. முதலில் 'நாடகக்காரன்' என்ற பெயரில் ஒருவர் கேட்டார். ஊர் ஊராகச் சிரிப்பு நாடகம் போடுகிற குழுவாம். அவருக்கு மேல் 'கடைவாய்' என்று ஒருவர் ஏற்றினார். கடைவாயை 'பால்கனி' என்று ஒருவர் முந்தினார். நாடகக்காரனும் விடவில்லை. ஏலக்கா அடுப்பில் ஒரு கண்ணும் திரையில் ஒரு கண்ணுமாக, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் கடைவாயிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. தேய்மானம் இடது கைப்பிடியில் மட்டும்தான், வலது கைப்பிடி புதிதுபோல் இருக்கிறது, விளம்பரத்தைத் திருத்தவும் என்று அதட்டலாக எழுதியிருந்தது. அவள் படத்தை மறுபடி பார்த்தாள். படத்தில் இருந்தது இடது கைப்பிடி மட்டும்தான். வலது கைப்பிடி எப்படி இருக்கும் என்பது அந்த அறையில் நின்ற ஒருவருக்குத்தான் தெரியும். கரண்டியைக் கீழே வைத்தாள்.

நேரே டாக்டர் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவர் அதிக நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. விளம்பரத்தைப் பார்த்த மறுநாள் சாவியை எடுத்துக்கொண்டு போய், வாத்தைப் பார்ப்பதற்காகவே அந்த நாற்காலியில் ஏறிப் படுத்தாராம். படுத்தவர் தூங்கிவிட்டார். மருத்துவமனையை மூடிய நாளிலிருந்து வராமல் அடம்பிடித்த தூக்கம், அன்று பட்டப்பகலில் வந்து அவரைச் சுருட்டிக்கொண்டது. அதிலிருந்து தினமும் போகிறார். அந்த நாற்காலியைப் பற்றி ஒருவர் இப்படி எழுதிப் படித்த பிறகு அதை எப்படி விடுவது என்று கேட்டார். மனைவியிடம் சொல்லவும் பயம். அதனால் கடைவாய் ஆகிவிட்டார்.

"நீங்களே வித்து நீங்களே வாங்கினா நடுவுல நான் எதுக்கு டாக்டர்?" என்றாள் ஏலக்கா. கோபமாகத்தான் ஆரம்பித்தாள். "அந்த நாடகக்காரர் நிஜமாவே ஒருத்தர் போட்டிக்கு நிக்கறதா நினைச்சு விலையை ஏத்திக்கிட்டே போறார். இதுல கடைவாய் போதாதுன்னு பால்கனி வேற. ஒரே ஆள் ரெண்டு பேர்ல கேக்கறது ரொம்பத் தப்பு."

டாக்டர் விழித்தார். "பால்கனியா? சத்தியமா அது நான் இல்லம்மா."

தண்ணீர்ச் செம்போடு சமையலறை வாசலில் நின்றிருந்த டாக்டரின் மனைவி மெதுவாகச் சொன்னார்: "அது நான்."

அந்த அம்மாள் செம்பை மேசையில் வைத்துவிட்டு, சண்டைக்கு வருகிறவரைப் போலச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். மதியம் ஆனால் இந்த மனிதர் எங்கே போகிறார் என்று ஒருநாள் பின்னாலேயே போயிருக்கிறார். சன்னல் வழியாகப் பார்த்தால், வாயைப் பிளந்துகொண்டு குறட்டை. அவ்வளவு நிம்மதியாக அவர் தூங்கி அந்த அம்மாள் பார்த்து வெகுகாலம் ஆகிறதாம். சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொன்ன வாயாலேயே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள கௌரவம் இடம் தரவில்லை. வீட்டுக்குள் என்றால்தானே? பால்கனியில் போட்டுவிட்டு, யாரோ கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம்.

"அப்ப நான் ஏத்த ஏத்த, மேல மேல ஏத்தினது நீதானா?" என்றார் டாக்டர்.

"விட்டுக் கொடுத்திருக்கலாம்ல நீங்க?" என்றார் அந்த அம்மாள்.

ஏலக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் தன் விற்பனைப் பக்கம் நினைவுக்கு வந்தது. ஏலத்தைக் கெடுவுக்கு முன்னால் திரும்பப் பெறலாம், தளம் அனுமதிக்கும். ஆனால் விலை கேட்டவர் அவள் பக்கத்தில் தன் மனக்குறையை எழுதலாம். அதை யாராலும் அழிக்க முடியாது. புகார் மேசையிலிருந்து வந்தவளின் பக்கத்தில் இதுவரை ஒரு புகார்கூட இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து டாக்டருக்கே புரிந்துவிட்டது. அதட்டல் எல்லாம் எங்கோ போய், உன் பேர் கெட வேண்டாம், நாற்காலியை நாடகக்காரருக்கே கொடுத்துவிடு என்றார். சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். மனைவி பால்கனியைப் பார்த்தார். அங்கே, நாற்காலி வரப்போகும் இடத்திலிருந்து பூந்தொட்டிகள் ஏற்கெனவே ஓரமாக நகர்ந்திருந்தன.

அதைப் பார்த்த பிறகு ஏலக்கா யோசிக்கவில்லை. அங்கேயே நின்றபடி கைப்பேசியில் ஏலத்தைத் திரும்பப் பெற்றாள். நாடகக்காரருக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள்: விளம்பரத்தைப் படித்துப் பொருளின் சொந்தக்காரருக்கே ஆசை வந்துவிட்டது, தவறு எங்கள் பக்கம், மன்னியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் தன்னோடு வேலை செய்யும் லிஃப்ட்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, நாற்காலியைப் பகுதி பகுதியாகக் கழற்றி மேலே கொண்டுபோய்ப் பால்கனியில் பூட்டிக் கொடுத்தார். பூட்டி முடித்துச் சாய்த்துப் பார்த்தபோது அது பெருமூச்சு விட்டது. டாக்டரும் கூடவே விட்டார்.

நாடகக்காரரின் பதில் அடுத்த வாரம் வந்தது. அழைப்பு மணி போல ஒரு சத்தம். கணவர்தான் முதலில் பார்த்தார். பார்த்துவிட்டு மடிக்கணினியை மெல்ல மூடப் போனார். ஏலக்கா பிடுங்கிப் படித்தாள். ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம். கீழே இப்படி எழுதியிருந்தது: 'நாற்காலி கிடைக்கவில்லை. இந்த விளம்பரத்தைப் படித்ததிலிருந்து வேறு எந்த நாற்காலியைப் பார்த்தாலும் பிடிக்கவும் இல்லை. நாடகத்தில் நோயாளி இப்போது நின்றுகொண்டேதான் பல் பிடுங்கிக்கொள்கிறார். இந்த அம்மாளை நான் மன்னிப்பதாக இல்லை.'

அவள் அதை ஒருமுறை மனத்துக்குள் படித்தாள், ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். இரண்டாவது முறை பாதியில் சிரிப்பு வந்து, கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கணவர் ஆறுதலாக ஒரு வழி சொன்னார். பக்கத்தின் உச்சியில் நமக்குப் பிடித்த ஒரு கருத்தை நிலையாக நிறுத்திவைக்க இடம் இருக்கிறது. விற்பவர்கள் எல்லாரும் தங்களை வானளாவப் புகழ்ந்ததை எடுத்து அங்கே வைக்கிறார்கள். நீயும் நல்லதாக ஒன்றை மேலே வை, இது கீழே போய்விடும், யார் கண்ணிலும் படாது என்றார்.

"நல்ல யோசனை" என்றாள் ஏலக்கா. பாராட்டுகளை எல்லாம் பொறுமையாகக் கடந்து வந்து, அந்த ஒற்றை நட்சத்திரத்தின் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினாள். அது எழும்பிப் போய் உச்சியில் உட்கார்ந்துகொண்டது. சரியாகத் தெரிகிறதா என்று கேட்டு, மடிக்கணினியைக் கணவர் பக்கம் திருப்பினாள்.