சுற்றிவளைப்பு என்று எழுதியவர்

தேநீர்க் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த அந்தப் பத்திரிகை இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மாரி மழை பிடித்திருந்த காலம். முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'நுளம்புக்கு எதிரான போர் உக்கிரம்: கரையோர வீதிகளில் இன்று சுற்றிவளைப்பு' என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் டெங்கு பரப்பும் நுளம்போடு நடந்த அந்தப் போரின் படை நாங்கள்தான். வீடுவீடாகப் போய்த் தாய் சேய் நலம் பார்க்கும் குடும்பநல மாதாகிய நான், எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், முழங்கால் வாதத்தோடு நடக்கும் ஒரு தொழிலாளி. எங்களிடம் இருந்த ஆயுதங்கள் ஒரு ரோச் லைற்றும், சிரட்டையும் தகரப் பேணியும் பொறுக்கிப் போட ஒரு சாக்கும்.

எழுதியவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் பகுதி நிருபர். மெலிந்த மனிதர், மழைக்கும் வெயிலுக்கும் ஒரே சட்டை. ஒவ்வொரு பின்னேரமும் எனக்குத் தொலைபேசி எடுத்து எத்தனை பேருக்கு டெங்கு என்று கேட்பார். என்னைவிட நாலைந்து வயது இளையவர், அதனால் 'அக்கா' என்பார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் எழுத்தில் எப்போதும் வெடிச்சத்தம் கேட்கும். விலை ஏறினால் குண்டு விழும், மழை பெய்தால் வெள்ளம் முற்றுகையிடும். ஒருநாள் நான் கேட்டே விட்டேன். "அக்கா, துப்புரவுப் பணி எண்டு போட்டால் ஆர் வாசிக்கிறது? சண்டை எண்டால்தான் சனம் திரும்பிப் பாக்கும்" என்றார். அதில் உண்மையும் இருந்தது. எங்கள் சனம் சண்டை என்றால் திரும்பிப் பார்க்கத்தான் செய்யும். பார்த்த பிறகு என்ன செய்யும் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை.

அன்று காலை நாங்கள் போய் இறங்கிய வீதியில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. வழக்கமாக அந்தக் கரையோரச் சனம் என்னைக் கண்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். அன்றைக்கு வேலிப் படலைகள் கட்டியிருந்தன. உள்ளே ஆட்கள் இருப்பது அடுப்புப் புகையில் தெரிந்தது. பரிசோதகர் தட்டிப் பார்த்துக் களைத்துப்போனார்.

வீதியின் கடைசி வீட்டில் ஒரு தாய் கதவைப் பாதி திறந்தார். நான் நன்றாக அறிந்தவர். கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. மூத்த மகனைப் போர்க்காலத்தில் ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பில் ராணுவம் ஏற்றிக்கொண்டு போனது, அவன் பிறகு வரவேயில்லை. மிஞ்சியிருந்தது இளையவன் ஒருவன்தான். அவன் எங்கே என்று கேட்டேன். "தொழிலுக்குப் போட்டான், மிஸ்ஸி" என்றார். அந்தக் காற்றுக்கு ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒரு தாய் இவ்வளவு மோசமான பொய்யைச் சொல்கிறார் என்றால், உள்ளே ஏதோ பெரிதாக நடக்கிறது என்று விளங்கியது. அவருக்குப் பின்னால் அடுப்பில் கஞ்சி. பக்கத்தில் காய்ச்சல் குளிசை உறை.

மெல்ல மெல்லக் கேட்டபோது சொன்னார். மகனுக்குக் காய்ச்சல். பத்திரிகையைப் பார்த்ததும் அவனைக் கொண்டுபோய் வேறோரிடத்தில் ஒளித்துவிட்டார். "பேப்பரிலை போட்டிருக்கு மிஸ்ஸி, எனக்கு வாசிக்கத் தெரியும். ஒருத்தனைக் குடுத்திட்டன். இவனைக் குடுக்கமாட்டன்." பிறகு என்னை ஆறுதல்படுத்துவதுபோல, "காய்ச்சல் இப்ப விட்டிட்டுது. சத்தி எடுக்கிறதும் வயித்துக்குத்தும்தான்" என்றார். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து தொடங்கும். அவன் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

நான் கெஞ்சினேன். பரிசோதகர் சட்டம் சொல்லப் பார்த்தார், அவரை வீதிக்கு அனுப்பிவிட்டேன். எந்தச் சட்டமும் அந்தத் தாயை அசைத்திருக்காது. கடைசியில் நிருபருக்குத் தொலைபேசி எடுத்தேன். "தம்பி, உன்ரை போரிலை ஒரு பெடியன் சாகப்போறான். வந்து நிப்பாட்டு" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

தெப்பமாக நனைந்து வந்து சேர்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. அந்தத் தாய்க்கு முன்னால் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மா, அந்தச் சொல்லைப் போட்டது நான். ஒருத்தரும் உங்களைச் சுத்திவளைக்கேல்லை."

"நீங்களோ போட்டது?"

"ஓம்."

"மேலையிருந்து ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"இல்லை அம்மா. சனம் வாசிக்கோணும் எண்டு நானா யோசிச்சுப் போட்டது."

அந்தத் தாய் கதவை முழுதாகத் திறந்துகொண்டு அவருக்கு நேரே வந்தார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஆஸ்பத்திரி வான் வந்தால், நானும் ஏறலாமோ?" மூத்தவனைக் கொண்டுபோன அன்று அவரை ஏறவிடவில்லை. சந்திவரை வாகனத்துக்குப் பின்னால் ஓடியிருக்கிறார். "ஏறாமல்? நீங்கள் அவனுக்குப் பக்கத்திலை இருங்கோ" என்றேன். அதற்குப் பிறகுதான், கரையில் வலை வைக்கும் வாடியைக் கையால் காட்டினார்.

பெடியன் பெரியாஸ்பத்திரியில் மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பினான். நிருபர் ஒவ்வொரு நாளும் வார்டுக்கு வந்துபோனார். வெறுங்கையோடு அல்ல, தோடம்பழமும் பிஸ்கட்டும் கொண்டு. நோயாளியிடம் வருத்தம் பார்க்கப் போகிறவர்கள் எங்கள் ஊரில் அப்படித்தான் போவார்கள். அங்கே நின்றபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். அடுத்த சோதனைக்கு முதல்நாள் பத்திரிகையில், 'நாளை வீடுவீடாக வருத்தம் பார்க்க வருகிறார்கள்' என்று தலைப்பு வந்தது. அலுவலகத்தில் சிரித்தார்களாம், இது செய்தியா கல்யாண அழைப்பா என்று கேட்டார்களாம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த நாள் அதே வீதியில் எல்லாப் படலைகளும் திறந்திருந்தன. வருத்தம் பார்க்க வருகிறவர்களுக்கு முகத்திலடித்தாற்போல் யார் கதவைச் சாத்துவார்கள்? எங்களுக்கு வேறு கரைச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு தேநீர் குடித்துப் பரிசோதகரால் நடக்க முடியவில்லை. ஒரு பெரியவர், "வருத்தம் பாக்க வந்தனீங்கள், ஒரு பிஸ்கட் பைக்கற்றும் இல்லையோ?" என்று எங்களை நிற்கவைத்துக் கேட்டார். ஆனால் காய்ச்சல்காரர் எல்லோரையும் காட்டினார்கள். தண்ணீர் தேங்கிய ரயர்களைத் தாங்களே உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து நான் செய்திகளை வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கினேன். போர் என்று சொன்னால் அதில் ஒரு எதிரி வேண்டும். நுளம்பு ஒருவர் வீட்டுப் பேணிக்குள் பெருகினால், அந்த வீட்டுக்காரரும் எதிரியின் பக்கம் போய்விடுகிறார். பிறகு அவர் ஏன் கதவைத் திறக்கப்போகிறார்? கொரோனா வந்த நாட்களில் எல்லாத் தொலைக்காட்சிகளும் போர், போர் என்றுதான் கத்தின. எங்கள் பகுதி வயதானவர்கள் போருக்கு என்ன செய்து பழகினார்களோ அதையே செய்தார்கள். மண்ணெண்ணெய் வாங்கினார்கள். காணி உறுதிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பையில் போட்டுக் கதவடியில் வைத்தார்கள். சவர்க்காரம் வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வீடுவீடாகப் போய் அந்தப் பைகளை அவிழ்க்கவைத்தது என் வேலையாயிற்று.

நிருபர் இப்போது அதே பத்திரிகையில் செய்தி ஆசிரியர். தலை நரைத்துவிட்டது. நான் ஓய்வு பெற்றபின் தாய்ப்பால் பற்றிச் சிறு கட்டுரைகள் எழுதிக் கொடுப்பதுண்டு. சில மாதங்களுக்கு முன் அப்படிப் போயிருந்தபோது, டெங்குச் செய்தி ஒன்றில் யாரோ எழுதியிருந்த 'சுற்றிவளைப்பு' என்ற சொல்லை அவர் வெட்டிக்கொண்டிருந்தார். "இவ்வளவு காலமாகியும் உங்கடை பயம் தெளியேல்லையோ?" என்று பகிடி பண்ணினேன்.

பயமில்லை அக்கா, என்றுவிட்டு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். பெடியன் தப்பிவிட்டான் என்று டொக்டர் சொன்ன அன்று, அந்தத் தாயை அவர்தான் மோட்டார் சைக்கிளில் வீட்டில் கொண்டுபோய் இறக்கினாராம். படலையடியில் நின்று தாய் சொன்னாராம்: "தம்பி, அந்தச் சொல்லு என்ரை மூத்தவன்ரை. அதை நுளம்புக்குக் குடாதேங்கோ. அவனைப் பற்றி எழுதேக்கை வேணும்."

அவனைப் பற்றி எழுத நிருபருக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டுரை வந்தது. மூத்தவனின் படமும், அந்த விடியற்காலையும், சந்திவரை ஓடிய தாயும். 'சுற்றிவளைப்பு' என்ற சொல் மட்டும் தலைப்பில் தனியாக நின்றது. பத்திரிகையை இளையவன்தான் வாங்கிக்கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்திருக்கிறான். நான் போனபோது அவர் வாசித்து முடிக்கும் இடத்தில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகனின் படத்தை விரலால் ஒருமுறை தடவினார்.

"இப்ப சரியாப் போட்டிருக்கிறார்" என்றார்.