அமாவாசை மீன் குழம்பு

விருதுநகரிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த புருஷன் செத்த பிறகு, பவளம் அக்கா மெஸ் வைத்துத்தான் நிமிர்ந்தாள். அவளுடைய மீன் குழம்புக்கு மூன்று ஷிப்ட் ஆட்களும் அடிமை, நான் உட்பட. அமாவாசையன்று மட்டும் புருஷனுக்குப் படையல். எவ்வளவு கெஞ்சினாலும் அன்றைக்கு சாம்பார்தான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பன்றிக் காய்ச்சல் வந்ததும், கம்பெனிகள் வெளிச்சாப்பாட்டை கேட்டிலேயே நிறுத்திவிட்டன. காய்ச்சல் போயும் தடை போகவில்லை. அக்காவின் அண்டாக்கள் கவிழ்ந்தே கிடந்தன.

அப்போது வந்து சேர்ந்தான், பிரவுசிங் சென்டர் வெங்கட். "அக்கா, இனிமே எல்லாம் நெட்டுதான். பெங்களூர்க்காரங்க பாத்துட்டு ஆர்டர் குடுப்பாங்க. நீங்க கரண்டியப் புடிங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

கரண்டியும் கையுமாக அவளைப் படமெடுத்து, 'பவளம் மெஸ்' என்று வெப்சைட் போட்டான். அதில் போன் நம்பர் மட்டும் அவனுடையது.

"எனக்குக் கன்னடமா தெரியும், இங்கிலீசா தெரியும்? தம்பியே பேசட்டும்" என்றாள் அக்கா. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டாள்.

முதலில் ஆர்டர்கள் வந்து குவிந்தன. பிறகு குறைந்தன. கேட்டால், "நெட்டுல டல்லுக்கா" என்பான். அவளும் நம்பினாள்.

ஒருநாள் காலையில் மாரிசாமி கத்திக்கொண்டே வந்தார். பழைய வாடிக்கை, இப்போது அத்திப்பள்ளியில் ஒரு ஆபீசில் வேலை. "நேத்து நீ அனுப்புன மீன் கொழம்பத் தின்னுட்டு எங்க ஆபீசுல பாதிப் பேரு ஆஸ்பத்திரில கெடக்கறாங்கம்மா!"

"நேத்து அமாவாசைய்யா" என்றாள் அக்கா. "என் அடுப்புல மீனு ஏறுமா?"

"உன் படத்தப் பாத்துதானம்மா ஆர்டர் சொன்னோம்" என்றார் மாரிசாமி மெதுவாக.

நானும் அவளும் வெங்கட்டிடம் போனோம். சென்டருக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கூலிக்கு ஆள் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தான். வெட்கமே இல்லை அவனுக்கு. "அவ்வளவு ஆர்டர உங்களால தாங்க முடியுமாக்கா? பேரு உங்களதுதான?"

"என் படத்த நெட்டுலருந்து எடுத்துருப்பா."

"எடுத்துட்டா யாரு வாங்குவாங்க?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மறுநாள் அதிகாரிகள் வெப்சைட்டில் இருந்த பெயரைத் தேடிக்கொண்டு வந்து, அக்காவின் மெஸ்ஸுக்குச் சீல் வைத்தார்கள். அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

பூட்டின் மேல் அரக்கு காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அமாவாசைன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்லய்யா" என்றாள் என்னிடம். "ஒருத்தனாவது காலண்டரப் பாத்தானா?"