கலியபெருமாள் விடாமல் வைத்திருந்த மூச்சு

கலியபெருமாளை அறிந்த நண்பர்களே, ஒருவராலும் நம்ப முடியாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன், இது சத்தியம். முதல் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சேதி வந்தது: வடக்குத்து வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

சுரங்கத்தில் அவரும் நானும் கரி ஓடும் ஒரே பெல்ட்டில் வேலை. ஒரு பெல்ட்டிலிருந்து மற்றதில் கரி கொட்டும் இடத்தில் தூசி மேகமாய் எழும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுவோம். அவர் மட்டும் அதற்குள்ளேயே நின்று வேலையை முடித்து, ஒரு தீபாவளியும் பொங்கலும் கழித்து வெளியே வந்துதான் மூச்சு விடுவார்.

எழுபதுகளின் கடைசியில் இருமல் பிடித்தது. அவர் இருமினால் பண்ருட்டி மண்டியில் பலாப்பழங்கள் தாமாகவே பிளந்தன. சளியில் ரத்தம் கண்ட பிறகு நான் கேலியை நிறுத்திவிட்டேன். வலது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தாக வேண்டும். மிச்சம் அவரைத் தாங்குமா என்று தெரிந்தால்தான் கத்தி வைப்போம் என்றார்கள் சென்னை டாக்டர்கள். துணைக்குப் போனேன்.

அதற்கு ஒரு சோதனை: கதிர்வீச்சுள்ள வாயுவைக் குழாயில் இழுத்து, சற்று அடக்கி, அதிலேயே திரும்ப விட வேண்டும். காற்று எங்கே போகிறது, எங்கே தேங்குகிறது என்பதை முதுகுப்புறக் காமிரா புள்ளிகளாகக் காட்டும். கலியபெருமாள் இழுத்தார், அடக்கினார், விடவில்லை.

“விடுங்கய்யா!” என்றார் குழாயைப் பிடித்திருந்த நர்ஸ். கலியபெருமாள் தலையை ஆட்டி மறுத்தார்.

“யோவ் மச்சான், வுடுய்யா! செத்துகித்துப் போயிடாத!” என்று நான் கத்தினேன். ஊருக்கு வந்து ஒரு ஷிப்ட் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன், அப்போதும் விடவில்லை.

முகம் நீலமாயிற்று. கையை மட்டும் தூக்கி, நர்ஸின் நிறைமாத வயிற்றைக் காட்டினார். பிறகு கதவைக் காட்டினார். அந்தப் பெண் வெளியே போனதும்தான் மூச்சு வந்தது.

படம் வீண். டாக்டர் கொதித்தார்: “இந்த மூச்சுலதான்யா உன் உசுரே இருக்கு!”

“என் உசுருக்கு அந்தப் புள்ள இன்னாங்க பண்ணுச்சி? பக்கத்துலயே நின்னுகினு இருக்குது.”

விடும் வாயு குழாய் வழியே ஒரு பைக்குள் போய்விடும், அறைக்குள் வராது என்று விளக்கினார்கள். கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஓர் ஆண் வந்து குழாயைப் பிடித்த பிறகே மறுமுறை இழுத்தார். இடது நுரையீரல் மேலிருந்து கீழ்வரை புள்ளிகளால் நிறைந்து, விட்டதும் ஒழுங்காகக் காலியானது. கத்தி வைத்தார்கள். அதன்பின் பல வருடம் நம்மோடு இருந்தார்.

அவரிடமிருந்து எனக்கு வந்தது ஒரு பழக்கம்: இருமல் வந்தால் முதலில் பக்கத்தில் யார் என்று பார்க்கிறேன்.

நான் கூட்டிச் சொன்னதையெல்லாம் கழித்துவிடுங்கள். தீபாவளி, பொங்கல், பலாப்பழம், நடுவில் நான் பார்த்த ஷிப்ட், எதுவும் வேண்டாம். கதவைக் காட்டிய அந்தக் கை மட்டும் நிஜம்.